உங்களுக்குத் தெரியுமா? குடியை விட ஒரு கூட்டம்

திருவனந்தபுரத்து வலியசாலை அக்கிரகாரத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டுக்கு வாசனை போகும்; ராத்திரி யார் தள்ளாடி வந்தார் என்ற சேதியும் அப்படியே போகும். குடியை விட நினைக்கிறவர் இங்கே முதலில் பயப்படுவது, உதவி தேடிப் போகும் இடத்தில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்றுதான். இந்தப் பயத்துக்குப் பதிலைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது, குடியை விட விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு. எல்லோரும் சொல்வது ஏ.ஏ. ‘அனானிமஸ்’ என்றால் பெயர் வெளியிடாதவர். முழுப்பெயரோ வீட்டு விலாசமோ அங்கே சொல்லத் தேவையில்லை.

●

சொந்தத் தெருவுக்குப் பக்கத்துக் கூட்டத்துக்குத்தான் போக வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. கூச்சமாக இருந்தால் தம்பானூரில் பஸ் ஏறி ஊரின் மறுகோடிக்குப் போகலாம். அங்கே தெரிந்த முகம் ஒன்று தென்பட்டாலும் கலங்க வேண்டாம். அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார்.

●

ஏ.ஏ. பிறந்த கதை இது. 1935 மே மாதம் பில் வில்சன் என்ற நியூயார்க்குக்காரர் வியாபார வேலையாக அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குப் போனார். குடியை விட்டு அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. போன காரியம் கைகூடவில்லை. தங்கியிருந்த ஹோட்டலின் மதுக்கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. உள்ளே போய்விடுவோமோ என்று பயந்தவர், தொலைபேசியை எடுத்து தேவாலயங்களைக் கூப்பிட்டார். அவர் கேட்டது ஒன்றுதான்: தன்னைப் போலவே குடியில் தவிக்கும் ஒருவரோடு பேச வேண்டும். கடைசியில் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரின் அறிமுகம் கிடைத்தது. கால் மணி நேரத்துக்குமேல் இருக்க மாட்டேன் என்று வந்த டாக்டர் பல மணி நேரம் உட்கார்ந்து பேசினார். அவர் கடைசியாகக் குடித்தது அதே ஆண்டு ஜூன் 10. அந்தத் தேதியைத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. உதவி கேட்டுக் கூப்பிட்டவர், அந்த உதவியாலேயே இன்னொருவரைக் கரையேற்றினார் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

●

இந்தியாவில் ஏ.ஏ. 1957-இல் மும்பையில் வேர்பிடித்தது.

●

கட்டணம் எவ்வளவு? ஒன்றும் இல்லை. உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. வாடகைக்கும் தேநீருக்கும் உறுப்பினர்களே முடிந்ததைப் போடுகிறார்கள். வெளியார் நன்கொடை வாங்குவதில்லை. ‘திறந்த கூட்டம்’ என்றால் குடும்பத்தாரும் வரலாம். ‘மூடிய கூட்டம்’ குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும். முதல் நாள் வாயே திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வந்தாலும் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

●

இதைக் கட்டாயம் படியுங்கள். தினமும் நிறையக் குடித்து வந்தவர், கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த வேகத்தில் அன்றே வீட்டில் தனியாக நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மையில் தொடங்கி வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் குழப்பநிலையும் வரலாம். உயிரே போகக்கூடும். முதலில் மருத்துவர், கூடவே கூட்டம்.

●

2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வறிக்கைப்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றதாகச் சொல்கிறார். மீதி 37 பேரும் ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில், யாரோ ஒருவரின் மகனாக, கணவராக இருக்கிறார்கள்.

●

வெறும் பேச்சு என்ன செய்யும்? காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2020-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 27 ஆய்வுகளையும் 10,000-க்கு மேற்பட்டவர்களையும் கணக்கில் எடுத்தது. ஏ.ஏ.யோடு இணைக்கும் முறையான சிகிச்சை பெற்றவர்களில் 42 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் குடிக்காமல் இருந்தார்கள். மற்ற சிகிச்சைகளில் அது 35 சதவீதம்.

●

குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் சென்னையில் அவர் பெயரிலேயே டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் டி.டி.கே. மருத்துவமனை என்றால் பலருக்கும் தெரியும். நகரத்துக்கு வர வழியில்லாதவர்களுக்காக மஞ்சக்குடி கிராமத்திலேயே சிகிச்சை முகாம் நடத்தியது அந்த அமைப்பு. 1992-இல் சாந்திக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

●

வீட்டிலிருக்கும் பெண்களுக்கு ஒரு சேதி. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-இல் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் அமைப்பை உருவாக்கக் காரணமானார். உங்கள் வீட்டுக்காரர் குடிப்பதை நிறுத்தினாரா இல்லையா என்பதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம்.

●

எங்கே கேட்பது? கேரளக் கலால் துறையின் போதை ஒழிப்புத் திட்டமான விமுக்தியின் இலவச எண் 14405. இந்திய அரசின் எண் 14446. திருவனந்தபுரம் மாவட்டத்துக்கான விமுக்தி சிகிச்சை மையம் நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனையில் இருக்கிறது. கடைவீதியில் மலையாளம் பேசினாலும் மனக்குறையைத் தமிழில்தான் கொட்ட வருகிறதென்றால், போனில் கேட்கும்போதே தமிழ் பேசுகிறவர் யாராவது அங்கே உண்டா என்று கேளுங்கள்.