சிறு வத்தையில் பறவை நோக்க ஒரு மறைப்பு

ஐப்பசி மழையில் இராமநாதபுரச் சீமையின் கண்மாய்கள் நிறையத் தொடங்கியதும், வடக்கே குளிர் நாடுகளிலிருந்து ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் இங்கு வந்து சேருகின்றன. தனுஷ்கோடிக் கழியில் பூநாரைகள் கூட்டமாக நிற்பதையும் அங்கத்தினர் பலர் கண்டிருப்பர்.

முற்காலத்தில் வாத்துகளைத் தேடிப் போனவர்கள் துப்பாக்கியுடன் போனார்கள். சிறு படகின்மேல் நாணலையும் தழையையும் கட்டி, உள்ளே அசையாமல் காத்திருந்து சுடுவது அவர்கள் வழக்கம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதற்குக் கட்டுப்பாடு விதித்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம், உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையும் அடைத்தது. துப்பாக்கி போயிற்று, மறைப்பு மட்டும் பறவைகளை எண்ணுவோருக்கு இன்றும் பயன்படுகிறது.

எண்ணுவதால் என்ன பயன் என்று கேட்கலாம். 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. 20,000 நீர்ப்பறவைகள் வழக்கமாகத் தங்கும் நீர்நிலை, ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில் சேரத் தகுதி பெறும் வழிகளுள் ஒன்று இது. நம் மாவட்டத்தின் சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் கண்மாய்கள் அப்பட்டியலில் சேர்ந்துள்ளன. கண்மாய்க்கு ஆபத்து நேருங்கால் அதன் சார்பில் சாட்சி சொல்வது சரியான கணக்கே. பறவை எச்சம் கலந்த நீர் பயிருக்கு உரமாகும் என்பதை வேடந்தாங்கல் உழவர்கள் நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்து, பறவைகளைச் சுடவிடாமல் காத்தனர்.

உடல் நோகும் இடத்தில் இருப்பவன் அசைவான். அசைந்தால் பறவை எழும். எழுந்தால் கணக்குத் தவறும். ஆகவே மறைப்பில் சௌகரியம் ஆடம்பரமன்று, அவசியம்.

சட்டம்: 12 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள வத்தை ஒருவருக்குப் போதும். நடுப்பகுதியில் நான்கு மூங்கில் கால்களை உட்புறமாகச் சேர்த்துக் கயிற்றால் கட்டுக. படகின் தளத்திலிருந்து உயரம் நாலரை அடிக்கு மேற்படலாகாது. உயர்ந்த கூடு வாடைக் காற்றைப் பாய்போல் வாங்கிப் படகைச் சாய்த்துவிடும்.

போர்வை: தடித்த கைத்தறித் துணியே ஏற்றது. வெளுத்த துணி வெயிலில் பளிச்சிடும். சேற்று நிறச் சாயம் ஏற்றிக்கொள்க. துணி படபடக்காதபடி அடியோரத்தை இறுக்கிக் கட்டுக. மேலே பனையோலையைப் பரப்பலாம். அலையாத்தி மரங்களை வெட்டலாகாது. கூரைக்கும் பக்கத் துணிக்கும் நடுவே அரை அடி இடைவெளி விட்டால் புழுக்கம் தணியும். உட்கார்ந்தவரின் கண்மட்டத்தில் நான்கு புறமும் ஒரு சாண் அகலத் திறப்பும், அதை மூட மடிப்பும் வேண்டும்.

இருக்கை: ஓரடி உயரப் பலகையை வத்தையின் நடுக்கோட்டில் அமைத்து, வைக்கோல் அடைத்த மெத்தை இடுக. முதுகு சாய ஒரு குறுக்குக் கயிறும், கால் நனையாதிருக்க அடிப்பலகையும் வைத்தால் மூன்று மணி நேரம் களைப்பின்றி இருக்கலாம்.

பாதுகாப்பு: ஒரு பக்கத் துணியை இழுத்தால் அவிழும் முடிச்சாகவே போடுக; படகு கவிழ்ந்தால் உள்ளிருப்பவர் சிக்கலாகாது. மிதவைச் சட்டை கட்டாயம். முதலில் இடுப்பளவு நீரில் ஆட்டிச் சோதிக்க வேண்டும்.

விடியுமுன் இடம் சேர்ந்து, முன்னும் பின்னும் கழி ஊன்றிக் கட்டினால் வத்தை சுழலாது. காலையில் கிழக்கு முதுகுப்புறம் இருக்கட்டும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகவே தெரியும். கூடு கட்டியுள்ள மரங்களை நெருங்கலாகாது. சரணாலயத்திலும் மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் வனத்துறை அனுமதியின்றி நுழையவே கூடாது.

தறியில் இழை எண்ணத் தெரிந்தவருக்கும், களத்தில் மூட்டை எண்ணத் தெரிந்தவருக்கும் பறவை எண்ணுவது கடினமன்று. நெசவாளர் துணி தரட்டும். உழவர் மூங்கிலும் வைக்கோலும் தரட்டும். சங்கத்துக்கு ஒரு மறைப்பு இருந்தால், வரும் தை மாதத்தில் நம் கண்மாயின் கணக்கை நாமே எழுதலாம்.