குரல்வளை நோக்கி: நோயாளிக்கேற்ற தகட்டின் அளவு

சத்திர சிகிச்சைக்கென மயக்கமூட்டித் தசைகளைத் தளர்த்தியபின் நோயாளியால் தானே மூச்சுவிட இயலாது. சில நிமிடங்களுக்குள் மூச்சுக்குழலில் ஒரு குழாயைச் செலுத்திப் பிராணவாயு ஊட்டுதல் வேண்டும். அக்குழாய் புகவேண்டிய வாயிலைக் கண்ணாற் காண உதவும் கருவியே லாரிங்காஸ்கோப் எனும் குரல்வளை நோக்கி. மின்கலம் அடங்கிய கைப்பிடியும், விளக்கொளி வீசும் தகடும் அதன் உறுப்புகள். (தகட்டை ‘அலகு’ என்பாரும் உளர், அளவைப் பற்றிப் பேசுமிடத்தில் அச்சொல் மயக்கந் தருமாகலின் விலக்கினோம்.) கைப்பிடி பலருக்கும் பொதுவாகலாம், தகடு அவ்வாறாகாது.

தகடுகளுள் இரண்டு பெருவழக்காயுள்ளன. 1941இல் அமெரிக்க வைத்தியர் ராபர்ட் மில்லர் வெளியிட்டது நேரானது. அதன் நுனி குரல்வளை மூடியையே அடியிலிருந்து தூக்கும். 1943இல் ஆக்ஸ்போர்டில் ராபர்ட் மாக்கின்டாஷ் வெளியிட்டது வளைந்தது. அதன் நுனி நாவின் அடிக்கும் மூடிக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் ஊன்றி, மூடியைத் தொடாமலே உயர்த்தும். தகடு குட்டையாயின் நுனி அப்பள்ளத்தை எட்டாது. மூடி திரைபோல் தொங்கி வாயிலை மறைக்கும். மிக நீண்டதாயின் மூடியைக் கீழே அழுத்தும், அல்லது குரல்வளையைக் கடந்து உணவுக்குழலின் வாயில் புகும்.

வயதுவந்தோர் பெரும்பாலோர்க்கு வளைந்த தகட்டில் 3ஆம் எண் போதும். நெடிய உருவமும் நீண்ட கழுத்தும் உடையோர்க்கு 4ஆம் எண் தேவைப்படலாம். ஐயம் எழுமிடத்துச் சற்று நீண்டதை எடுப்பதே நலம் என்பது எம் கருத்து. நீண்டதைச் சிறிது பின்னிழுத்துக் கொள்ளலாம். குட்டையானதை நீட்ட வழியில்லை.

சிசுவின் அமைப்பு வேறு. வாயை நோக்க நா பெரிது. குரல்வளை கழுத்தில் உயர்ந்திருக்கிறது. மூடியோ நீண்டு துவள்வது. ஆகவே நேரான தகடே பெரிதும் விரும்பப்படுகிறது. நிறைமாதக் குழந்தைக்கு 1ஆம் எண்ணும் குறைமாதக் குழந்தைக்கு 0ஆம் எண்ணும் உரியன. மிகமிகச் சிறிய குழந்தைக்கு 00 எண்ணும் உண்டு. பிறந்தவுடன் மூச்செடாத குழந்தையிடம் ஒவ்வொரு முயற்சியும் சுமார் 30 வினாடிக்குள் முடிதல் வேண்டும். அவ்வேளையில் பெட்டியைத் துழாவி நிற்க இயலுமா?

வயதை மட்டும் கொண்டு அளவைத் துணிதல் பிழைக்கு இடமாகும். ஒரே வயதுக் குழந்தைகள் இருவர் உருவத்தில் ஒத்திருப்பதில்லை. மேல்வாய் முன்பற்களிலிருந்து கீழ்த்தாடையின் கோணம் வரையுள்ள தூரத்தை முகத்தின் புறத்தே அளந்து, அதனின்று ஏறக்குறைய 1 சென்டிமீட்டருக்கு மேல் வேறுபடாத தகட்டைத் தேர்வது குழந்தைகளிடத்து நற்பயன் தரும் எளிய முறை. தகட்டையே கன்னத்தருகே பிடித்துப் பார்த்தாலும் போதும். ஒரே எண்ணிட்ட தகடுகளும் செய்வோர்க்கேற்ப நீளத்தில் சிறிது வேறுபடுமாதலால் இச்சோதனை வயதுவந்தோரிடத்தும் வீண்போகாது. எவ்வளவு அளந்து தேர்ந்தாலும், அடுத்த பெரிய தகட்டையும் அடுத்த சிறிய தகட்டையும் விளக்கு எரிகிறதா எனச் சோதித்து, மயக்கமூட்டும் முன்னரே கைக்கெட்டும் தொலைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.