சிலிகா கரையில் குளிர்கால விருந்தினர்

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குச் செல்லப் பயணச்சீட்டுக் கிடைக்காமல் புவனேஸ்வரத்திலும் கொல்கத்தாவிலும் தங்கிவிடும் குடும்பங்கள் அநேகம். சென்னை-ஹவுரா இரயிலில் வருகையில் சன்னலோரமாய் நெடுந்தூரம் நம்மோடு கூடவே வருகிற சிலிகா ஏரியை அவர்கள் கண்டிருப்பார்கள். அதன் வடகரையில், டாங்கி என்னும் ஊருக்கு அருகே, மங்களாஜோடி கிராமம் இருக்கிறது.

வடதேசங்களின் குளிருக்குத் தப்பி அக்டோபர் மாதமுதல் காட்டு வாத்துகள் இங்கே வந்திறங்குகின்றன. மார்ச் வரை தங்குகின்றன. ஊசிபோல் வால் நீண்ட வாத்து, நீலச்சிறகி, அகப்பைபோல் அலகு விரிந்த தட்டைவாயன் ஆகியவை கூட்டங்கூட்டமாய் மிதக்கும். பழைய காவியங்கள் போற்றிய சக்கரவாகத்தையும் இங்கே காணலாம். லடாக்கிலும் திபெத்திலும் குஞ்சு பொரிக்கும் செம்பொன்நிறப் பறவை அது.

இந்த ஊரார் ஒருகாலத்தில் இப்பறவைகளைக் கொன்று விற்றவர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் தடுத்தும் வேட்டை ஓயவில்லை. 2000ஆம் ஆண்டளவில் அவர்களில் பலர் மனந்திரும்பிக் காவலர்களானார்கள். பறவை எங்கே மேயும், எப்பொழுது மிரளும் என்று வேட்டையில் கற்ற அறிவே இன்று அவர்களுக்குப் பிழைப்பு. இயந்திரமில்லாத ஓடத்தை நீண்ட கழியால் ஊன்றித் தள்ளி, நம்மை நாணல்களுக்கிடையே அழைத்துச் செல்கிறார்கள்.

படம் பிடிக்க விரும்புவோர் விடியற்காலையில் செல்வது நலம். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும். ஓடத்தில் தாழ உட்கார்ந்து, கேமராவை நீர்மட்டத்துக்குக் கூடியமட்டும் இறக்கி, பறவையின் கண்ணைத் தெளிவாக்கிப் பிடியுங்கள். 300 அல்லது 400 மி.மீ. லென்ஸ் வேண்டும், கைபேசியோடு போகிறவர்கள் பைனாகுலரால் பார்த்து மகிழ்வதே உத்தமம் என்பது என் எண்ணம். ஊசிவால் வாத்து முழுவதும் மூழ்குவதில்லை. தலையை நீருக்குள் விட்டு வாலை வானத்துக்கு உயர்த்தும். பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள், மெல்லச் சிரிக்கச் சொல்லுங்கள்!

பறக்கும் படம் வேண்டுமென்று கைதட்டி எழுப்புகிற சிலர் உண்டு. அது கொடுமை. இவ்வாத்துகளில் பல இரவில் மேய்ந்து பகலில் இளைப்பாறுகிறவை. திரும்பவும் இமயத்தைக் கடக்கவேண்டிய பறவை, அதற்கென்று உடலில் சேர்த்த கொழுப்பை ஒவ்வொரு வீண் பறத்தலிலும் இழக்கிறது. மேய்ச்சலை விட்டுக் கழுத்தை நிமிர்த்தினால் நாம் மிகவும் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். ஓடக்காரர் அதற்கு முன்பே கழியை ஊன்றி நிறுத்திவிடுவார்; இன்னும் கொஞ்சம் போகலாமே என்று அவரை வற்புறுத்தாதிருங்கள்.