ஹெல்மெட் அபராதத்துக்கு ஆட்சிக் கலைப்பா?

மத்திய-மாநில உறவு என்றதும் பேச்சு நேராக நிதிப் பங்கீட்டுக்கோ ஆளுநருக்கோ போய்விடும். எனக்கு என்னவோ அரசியல் சட்டத்தின் 256-ஆவது பிரிவில் தொடங்கும் 'நிர்வாக உறவுகள்' அத்தியாயம்தான் சுவாரசியமாகப் படுகிறது. படித்தால் கொஞ்சம் தூக்கம் வரும், அது வேற விஷயம்.

டெல்லி சட்டம் போடும். ஆனால் மாவட்டத்தில் அதைச் செயல்படுத்த டெல்லிக்குச் சொந்தக் கைகள் குறைவு. ரயில்வே, தபால், வருமான வரி மாதிரி சிலதுதான். மோட்டார் வாகனச் சட்டம் நாடாளுமன்றம் 1988-இல் போட்டது. லைசென்ஸ் கொடுக்கும் ஆர்டிஓ ஆபீஸ் மாநில அரசோடது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முழுக்க மத்திய அரசின் விஷயம். வீடு வீடாக வருவது நம்ம ஊர் வாத்தியார்.

சரி, மாநிலம் அந்த வேலையைச் செய்யவில்லை என்றால்? நாடாளுமன்றச் சட்டங்களை மாநிலம் நிறைவேற்றியாக வேண்டும், அதற்காக மத்திய அரசு உத்தரவு போடலாம் என்கிறது 256. அந்த உத்தரவையும் மதிக்கவில்லை என்றால் 365 வருகிறது. அங்கே அரசியல் சட்டப்படி ஆட்சி நடத்த முடியாத நிலை என்று குடியரசுத் தலைவர் முடிவு செய்யலாம். அதாவது ஜனாதிபதி ஆட்சிக்குக் கதவு.

2019-இல் நாடாளுமன்றம் ஹெல்மெட் போடாததற்கான அபராதத்தை 1,000 ரூபாய் ஆக்கியது. குஜராத் 500 போதும் என்றது. அங்கேயும் டெல்லியிலும் ஒரே கட்சி ஆட்சி என்பதை மறக்க வேண்டாம். நம்ம தமிழ்நாடு 2022 அக்டோபர் வரை பழைய 100 ரூபாயிலேயே ஓட்டியது. குறைக்கக் கூடாது என்று மத்திய அமைச்சகம் 2020 ஜனவரியில் மாநிலங்களுக்கு எழுதியபோது துணைக்கு அழைத்தது இந்த 256-ஐத்தான். ஹெல்மெட்டுக்காக ஒரு ஆட்சியைக் கலைப்பார்களா? மாட்டார்கள். அது எல்லோருக்கும் தெரியும். 1994 பொம்மை தீர்ப்புக்குப் பிறகு கலைத்தாலும் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும்.

ஆக ஒரு பக்கம் கடிதம், இன்னொரு பக்கம் பீரங்கி. நடுவில் ஒன்றுமே இல்லை. இந்த இடைவெளியில்தான் அதிகாரி மாட்டிக்கொள்கிறார் என்பது என் கணிப்பு.

ஐஏஎஸ், ஐபிஎஸ் அதிகாரிகளின் நிலைமை அப்படி. தேர்வு செய்வது, நியமிப்பது, டிஸ்மிஸ் செய்வது எல்லாம் மத்திய அரசு. சம்பளம், போஸ்டிங், அன்றாட வேலை மாநிலத்தில். 1954 ஐஏஎஸ் கேடர் விதிகளில் 6-ஆவது விதி, மாநிலத்தின் சம்மதத்தோடு அதிகாரியை டெபுடேஷனில் அழைத்துக்கொள்ளலாம் என்கிறது. கருத்து வேறுபாடு வந்தால் மத்திய அரசு சொல்வதே முடிவு என்றும் அதே விதி சொல்கிறது! ஐபிஎஸ்காரர்களுக்கும் இதே போல விதி உண்டு.

2001-இல் கருணாநிதி கைதானதும் மூன்று ஐபிஎஸ் அதிகாரிகளை டெல்லி கேட்டது, ஜெயலலிதா அனுப்பவில்லை. 2021 மே 28 அன்று, புயல் ஆய்வுக் கூட்டத்தில் பிரதமருக்கும் மம்தாவுக்கும் உரசல். அன்று மாலையே மேற்கு வங்கத் தலைமைச் செயலாளருக்கு ஆணை: 31-ஆம் தேதி காலை 10 மணிக்கு டெல்லியில் இருக்கணும். சில நாள் முன்னால் அவருக்கு மூன்று மாதப் பணி நீட்டிப்புக்கு ஒப்புதல் தந்ததும் இதே மத்திய அரசுதான். மாநிலம் விடுவிக்கவில்லை. அவர் நீட்டிப்பு வேண்டாமென்று 31-ஆம் தேதியே ஓய்வு பெற்று, முதல்வரின் தலைமை ஆலோசகர் ஆகிவிட்டார்.

விதி டெல்லி பக்கம். ஆனால் ஆளை விடுவிக்கும் கையெழுத்து மாநிலத்திடம். 2022 ஜனவரியில் அந்தக் கையெழுத்தையும் தேவையில்லாமல் ஆக்கப் பார்த்தார்கள். குறித்த தேதிக்குள் விடுவிக்காவிட்டால் விடுவிக்கப்பட்டதாகவே கருதப்படும் என்பது முன்மொழிவு. ஸ்டாலின் உட்படப் பல முதல்வர்கள் எதிர்த்தார்கள்.

1971-இல் ராஜமன்னார் குழு இந்தச் சேவைகளையே ஒழிக்கச் சொன்னது. 1988-இல் சர்க்காரியா ஆணையம் வலுப்படுத்தச் சொன்னது. நான் சர்க்காரியா பக்கம்தான். எந்த முதல்வருக்கும் டிஸ்மிஸ் பயம் இல்லாமல் "இது சட்டப்படி முடியாது சார்" என்று சொல்ல ஒரு கலெக்டர் வேண்டும். ஆனால் டெபுடேஷனுக்குப் பயந்து அதே கலெக்டர் டெல்லியிடம் வாய் திறக்க முடியாமல் போனால்? தகராறு வரும்போது தரப்புகளில் ஒருவரே தீர்ப்பும் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. 258-ஆவது பிரிவைப் பாருங்கள். மத்திய வேலையை மாநில அதிகாரிகள் செய்வதால் ஆகும் கூடுதல் செலவு பற்றித் தகராறு என்றால், இந்தியத் தலைமை நீதிபதி நியமிக்கும் நடுவர் முடிவு செய்வார். பணத்துக்கு நடுவர் வைத்தவர்கள் ஆளுக்கு வைக்கவில்லை.