களத்திலிருந்து பயிற்சியாளர் இருக்கைக்கு – 9: ஆர்தூர் ஜோர்ஜ்

ஐரோப்பியச் சாம்பியன் கோப்பையை வென்ற முதல் போர்ச்சுகீசியப் பயிற்சியாளர் ஆர்தூர் ஜோர்ஜ். அதற்கு முன் 1961லும் 1962லும் லிஸ்பனின் பென்ஃபிகா அந்தக் கோப்பையைக் கைப்பற்றியது. ஆனால் அந்த அணிக்குப் பயிற்சி அளித்தவர் ஹங்கேரியரான பேலா குட்மன். 1987இல் போர்ட்டோ அணி வென்றபோதுதான் பயிற்சியாளரும் போர்ச்சுகலின் மண்ணில் உருவானவராக இருந்தார். அவர் முன்கள வீரராக இரண்டு முறை நாட்டின் லீக்கில் அதிக கோல் அடித்தவர், ஜெர்மன் மொழி இலக்கியத்தில் பட்டம் பெற்றவர், கவிதைத் தொகுப்பு வெளியிட்டவர். பயிற்சியாளராக ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா என மூன்று கண்டங்களில் நீண்ட அவருடைய பயணத்தில் பெரிய வெற்றிகளும் உண்டு, பெரிய சறுக்கல்களும் உண்டு.

மாணவரும் வீரரும்

ஆர்தூர் ஜோர்ஜ் பிராகா டி மெலோ டெய்ஷெய்ரா 1946 பிப்ரவரி 13 அன்று போர்ட்டோ நகரில் பிறந்தார். சொந்த ஊர்க் கிளப்பான எஃப்.சி. போர்ட்டோவின் இளையோர் அணிகளில் வளர்ந்து, 1964இல் மூத்தோர் அணிக்கு வந்தார். ஓராண்டிலேயே ஊரை விட்டுக் கோயிம்ப்ராவுக்குப் போனார். பல்கலைக்கழகப் படிப்பே அதற்குக் காரணம்.

கோயிம்ப்ரா போர்ச்சுகலின் பழைய பல்கலைக்கழக நகரம். அங்குள்ள அகாதெமிகா, மாணவர் சங்கத்திலிருந்து பிறந்த கிளப். கறுப்புச் சீருடை அதன் அடையாளம். காலையில் வகுப்பு, மாலையில் பயிற்சி என்று வாழ்ந்த வீரர்கள் பலர் அதில் ஆடினார்கள். 1966-67 பருவத்தில் அந்த மாணவர் அணி லீக்கில் பென்ஃபிகாவுக்கு அடுத்து இரண்டாம் இடம் பிடித்தது. அகாதெமிகாவின் வரலாற்றில் அதற்கு மேலான இடம் வேறில்லை. அந்த ஆண்டுகளில் அதன் கோல் கணக்கைத் தூக்கி நிறுத்தியவர்களில் முக்கியமானவர் ஆர்தூர் ஜோர்ஜ்.

1969இல் பென்ஃபிகா அவரை அழைத்துக்கொண்டது. யூசேபியோ, சிமோய்ஸ், நெனே போன்றோர் நிறைந்த அணி அது. 1970இல் பயிற்சியாளராக வந்த ஆங்கிலேயர் ஜிம்மி ஹேகன், உடல் தகுதிக்குக் கடுமையான பயிற்சி கொடுப்பதில் பேர்பெற்றவர். அவருக்குக் கீழ் ஆர்தூர் ஜோர்ஜ் 1970-71 லீக்கில் 23 கோல்களும், 1971-72 லீக்கில் 27 கோல்களும் அடித்தார். இரண்டு பருவங்களிலும் நாட்டிலேயே அதிக கோல் அவருடையதுதான். யூசேபியோ ஆடிக்கொண்டிருந்த காலத்தில், அதே அணியில் இருந்துகொண்டு இதைச் சாதித்தார்.

அவருடைய ஆட்டத்தில் பார்வையாளர்கள் காத்திருந்து பார்த்தது ஒன்று உண்டு. கோலுக்கு முதுகு காட்டி நின்று, அந்தரத்தில் உடலைச் சாய்த்து, தலைக்கு மேலே வரும் பந்தைப் பின்னோக்கி உதைப்பார். பைசைக்கிள் கிக் எனப்படும் இந்த உதை ஆபத்தானது. நேரம் அரை நொடி தவறினாலும் பந்து போய்விடும், விழுகிறவருக்கு அடிபடும். அவர் அதைத் துணிந்து திரும்பத் திரும்பச் செய்தார்.

பென்ஃபிகாவில் நான்கு லீக் பட்டங்களும் இரண்டு போர்ச்சுகல் கோப்பைகளும் அவருக்குக் கிடைத்தன. தேசிய அணிக்கு 16 ஆட்டங்கள் ஆடி ஒரு கோல் அடித்தார். 1972இல் தொழில்முறை வீரர்களுக்கான சங்கம் தொடங்கப்பட்டபோது அதை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். சர்வாதிகார ஆட்சி இன்னும் நீடித்த காலம் அது. தொழிலாளர் ஒன்றுகூடுவதையே அரசு சந்தேகத்தோடு பார்த்த நாட்டில், நட்சத்திர வீரர் ஒருவர் சங்கம் வைக்க முன்வந்தது சாதாரண காரியமல்ல.

1975இல் லிஸ்பனின் இன்னொரு கிளப்பான பெலெனென்செஸுக்கு மாறினார். இடையில் அமெரிக்காவின் ரோசெஸ்டர் லான்சர்ஸ் அணிக்கும் ஆடினார். காயத்தால் ஆட்ட வாழ்க்கை சுருங்கியது. 1978இல், 32 வயதில், ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார்.

லைப்ஸிக் பாடம்

ஓய்வுபெற்ற வீரர்கள் தங்கள் அனுபவத்தை மட்டுமே நம்பிப் பயிற்சியாளர் ஆவது அன்றைய வழக்கம். ஆர்தூர் ஜோர்ஜ் வேறு வழியைத் தேர்ந்தார். கிழக்கு ஜெர்மனியின் லைப்ஸிக் நகருக்குப் போய்ப் பயிற்சியியலை முறையாகப் படித்தார். உடலியல், பயிற்சித் திட்டமிடல், ஓய்வு ஆகியவற்றை அறிவியலாகக் கற்பித்த இடம் அது. ஏற்கனவே கற்ற ஜெர்மன் மொழி அங்கே அவருக்குக் கைகொடுத்தது.

நாடு திரும்பியதும், விட்டோரியா கிமராய்ஸ் அணியில் ஜோசே மரியா பெட்ரோட்டோவின் துணைப் பயிற்சியாளர் ஆனார். எதிரணியின் பலம், பலவீனங்களை ஆராய்ந்து திட்டம் போடுவதில் பெட்ரோட்டோ அன்றைய போர்ச்சுகலின் முன்னோடி. லைப்ஸிக்கில் படித்த அறிவியலும், பெட்ரோட்டோவிடம் பார்த்த போர்த்தந்திரமும் சேர்ந்துதான் ஆர்தூர் ஜோர்ஜின் முறை உருவானது. பிறகு பெலெனென்செஸ், போர்த்திமோனென்ஸே ஆகிய கிளப்புகளுக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். 1983இல் அவருடைய கவிதைத் தொகுப்பும் வெளிவந்தது.

போர்ட்டோவுக்குத் திரும்பியிருந்த பெட்ரோட்டோ கடும் நோயில் விழுந்தார். 1984இல் அவருடைய இடத்துக்குக் கிளப் தலைவர் பிந்தோ டா கோஸ்தா 38 வயது ஆர்தூர் ஜோர்ஜைக் கொண்டுவந்தார். அடுத்த ஜனவரியில் பெட்ரோட்டோ காலமானார். அந்தப் பருவத்திலேயே போர்ட்டோ லீக்கை வென்றது. 1979க்குப் பிறகு அதற்குக் கிடைத்த முதல் பட்டம் அது. கேப்டன் ஃபெர்னாண்டோ கோமெஸ் 39 கோல்கள் அடித்து, ஐரோப்பாவின் தங்கக் காலணியை இரண்டாம் முறையாகப் பெற்றார். ஸ்போர்ட்டிங் கிளப்பிலிருந்து வந்த பதின்வயது இளைஞர் பாவ்லோ ஃபுத்ரே இடது ஓரத்தில் மின்னலாக ஓடினார். 1985-86இலும் பட்டம் போர்ட்டோவிடமே நின்றது.

வியன்னா, 1987 மே 27

1986-87 ஐரோப்பியச் சாம்பியன் கோப்பையில் மால்டாவின் ரபாத் அஜாக்ஸ், செக்கோஸ்லோவாக்கியாவின் வீட்கோவிட்ஸே, டென்மார்க்கின் ப்ரோண்ட்பி ஆகிய அணிகளைப் போர்ட்டோ தாண்டியது. அரையிறுதியில் எதிரே நின்றது பயிற்சியாளர் லோபனோவ்ஸ்கியின் டைனமோ கீவ். முந்தைய ஆண்டுதான் கோப்பை வெற்றியாளர் கோப்பையைக் கைப்பற்றிய அணி அது. போர்ட்டோ அதைச் சொந்த ஊரில் 2–1, கீவில் 2–1 என இரண்டு ஆட்டங்களிலும் வென்றது.

வியன்னாவின் பிராட்டர் மைதானத்தில் இறுதி ஆட்டம். எதிரணி, ஊடோ லாட்டெக்கின் பயெர்ன் மியூனிக். மத்தேயஸ், ப்ரேமெ, கோல்கீப்பர் பாஃப் என்று பெரும் பெயர்கள் அதில் நிறைந்திருந்தன. போர்ட்டோவுக்கோ பெரிய இழப்பு. ஆட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன் கோமெஸுக்குக் கால் எலும்பு முறிந்தது. கோல் அடிப்பவர் இல்லாமலே அணி களமிறங்கியது. 25ஆவது நிமிடத்தில் கோகல் தலையால் முட்டி பயெர்னுக்கு முன்னிலை தந்தார். இடைவேளை வரை ஜெர்மானியர் கைதான் ஓங்கியிருந்தது.

ஆர்தூர் ஜோர்ஜ் அன்று எடுத்த இரண்டு முடிவுகளும் ஒரே திசையைக் காட்டின. இடைவேளையில் நடுகள வீரர் கிம்மை வெளியே எடுத்து, பிரேசில் முன்கள வீரர் ஜுவாரியை இறக்கினார். 66ஆவது நிமிடத்தில் தற்காப்பு வீரர் இனாசியோவை எடுத்து, நடுகள வீரர் ஃப்ராஸ்கோவை அனுப்பினார். அன்றைய விதிப்படி மாற்று வீரர் இருவருக்கு மேல் கிடையாது. பின்தங்கியிருந்த பயிற்சியாளர் அந்த இருவரையும் தாக்குதலுக்கே செலவிட்டார்.

ஃபுத்ரேயின் ஓட்டம் பயெர்ன் தற்காப்பைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கியது. 77ஆவது நிமிடத்தில் ஃப்ராஸ்கோவிடமிருந்து வந்த பந்தை ஜுவாரி கோல் முகத்துக்கு எதிரே தட்டிவிட்டார். அங்கே அல்ஜீரியர் ரபா மாஜெர் கோலுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். திரும்பிப் பார்த்து உதைக்க நேரமில்லை. குதிகாலால் பந்தைப் பின்னுக்குத் தட்டினார், அது கோட்டைக் கடந்தது. அடுத்த சில நிமிடங்களில் இடது ஓரத்தில் மாஜெர் எதிராளியைத் தாண்டிப் பந்தை உயர்த்தி அனுப்ப, ஜுவாரி அதைத் தரையைத் தொடவிடாமல் வலைக்குள் அடித்தார். ஆட்டம் 2–1 என்று முடிந்தது. இரண்டு கோல்களிலும் மாற்று வீரர் ஜுவாரியின் கால் பட்டிருந்தது.

அந்த வெற்றியோடு ஆர்தூர் ஜோர்ஜ் போர்ட்டோவை விட்டுப் பாரிசின் மாத்ரா ராசிங் கிளப்புக்குப் போனார். பணம் கொட்டிக் கட்டப்பட்ட அந்த அணிக்கு எதிர்பார்த்த பட்டம் எதுவும் வரவில்லை. 1989இல் மாத்ரா நிறுவனமே விலகியது. போர்ட்டோவுக்குத் திரும்பிய ஆர்தூர் ஜோர்ஜ் 1990இல் லீக்கையும் 1991இல் போர்ச்சுகல் கோப்பையையும் வென்று கொடுத்தார்.

பாரிசில் மூன்று பருவங்கள்

1991இல் தொலைக்காட்சி நிறுவனமான கனால் ப்ளூஸ், பாரிஸ் சாங் ஜெர்மாங் கிளப்பின் பொறுப்பை ஏற்றது. புதிய நிர்வாகம் அமர்த்திய முதல் பயிற்சியாளர் ஆர்தூர் ஜோர்ஜ். பிரேசிலின் ரிக்கார்டோவும் வால்டோவும் அவரோடு வந்தார்கள். பின்னர் ஜினோலா, வேஆ, கோல்கீப்பர் லாமா சேர்ந்தார்கள். தற்காப்பு வரிசையைக் கட்டுக்கோப்பாக நிறுத்தி, பந்து கிடைத்த கணத்தில் வேகமான முன்கள வீரர்களுக்கு அனுப்புவது அணியின் முறை ஆயிற்று.

1993 மார்ச்சில் யூஈஎஃப்ஏ கோப்பைக் காலிறுதியில் ரியல் மாட்ரிட்டிடம் பாரிஸ் 3–1 என்று தோற்றுத் திரும்பியது. மார்ச் 18 அன்று சொந்த மைதானத்தில் வேஆ, ஜினோலா, வால்டோ அடித்த கோல்களால் 3–0 ஆனது. கூடுதல் நிமிடங்களில் ரியலின் சமோரானோ ஒரு கோல் அடிக்க, மொத்தக் கணக்கு சமமானது. ஆட்டம் முடியும் தறுவாயில், வால்டோவின் ஃப்ரீ கிக்கைத் தற்காப்பு வீரர் கொம்புவாரே தலையால் முட்டி வலைக்குள் செலுத்தினார். மொத்தம் 5–4. பாரிஸ் அணியின் ஐரோப்பிய வரலாற்றில் இன்றும் பேசப்படும் இரவு அது.

அந்தப் பருவத்தில் பிரெஞ்சுக் கோப்பையும், 1994இல் லீக் பட்டமும் பாரிசுக்குக் கிடைத்தன. கிளப்பின் வரலாற்றில் அது இரண்டாவது லீக் பட்டம்தான். ஆனாலும், ஆட்டத்தில் எச்சரிக்கை மிகுதி, கவர்ச்சி குறைவு என்று ரசிகர்களும் பத்திரிகைகளும் குறைப்பட்டார்கள். பட்டத்தைக் கையில் கொடுத்துவிட்டே அவர் விடைபெற்றார்.

சறுக்கிய ஆண்டுகள்

1994இல் தன் பழைய கிளப்பான பென்ஃபிகாவுக்குப் பயிற்சியாளராக வந்தார். நடப்புச் சாம்பியனான அந்த அணி அந்தக் கோடையில் பெரிதாகக் கலைக்கப்பட்டு மாற்றி அமைக்கப்பட்டது. பருவத்தின் நடுவே அவருக்கு மூளைக் கட்டிக்காக அறுவை சிகிச்சை நடந்தது. குணமாகித் திரும்பி வந்தார். அணி லீக்கில் மூன்றாம் இடத்தில் முடிந்தது. அடுத்த பருவத்தின் தொடக்கத்திலேயே பதவி பறிபோனது.

1996 ஐரோப்பியப் போட்டிக்கு ஸ்விட்சர்லாந்தின் பொறுப்பை ஏற்றார். ராய் ஹாட்ஜ்சன் வளர்த்துக் கொடுத்த அணியிலிருந்து மக்கள் விரும்பிய க்னுப்பையும் அலன் சூட்டரையும் விட்டுவிட்டார். அங்குள்ள பத்திரிகைகள் கொதித்தன. வெம்ப்ளியில் தொடக்க ஆட்டத்தில் இங்கிலாந்தை 1–1 என்று தடுத்த அணி, நெதர்லாந்திடமும் ஸ்காட்லாந்திடமும் தோற்று வெளியேறியது.

அதன் பின் போர்ச்சுகல் தேசிய அணி. ஃபீகோ, ருய் கோஸ்தா தலைமுறை அவர் கையில் இருந்தது. 1997இல் அணியில் இடம் கிடைக்காத முன்கள வீரர் சா பிந்தோ பயிற்சி மைதானத்துக்கே வந்து அவரைத் தாக்கினார். அந்த வீரருக்கு ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. செப்டம்பரில் பெர்லினில் ஜெர்மனிக்கு எதிராகப் போர்ச்சுகல் 1–0 என முன்னிலையில் இருந்தபோது, மாற்றப்பட்ட ருய் கோஸ்தா மெதுவாக வெளியேறுகிறார் என்று நடுவர் அவருக்குச் சிவப்பு அட்டை காட்டினார். பத்துப் பேராகிப்போன அணி 1–1 என்று டிரா செய்தது. 1998 உலகக் கோப்பை வாய்ப்பு கைநழுவியது.

நாள்தோறும் வீரர்களோடு உழைத்து, மாதக்கணக்கில் ஒழுங்கைப் படியவைப்பதே அவருடைய பலம். தேசிய அணிக்கு வீரர்கள் கூடுவதோ சில நாட்களுக்கு மட்டும். கிளப்பில் கைகூடியது அங்கே கூடாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசிக் காலம்

ஸ்பெயினின் டெனெரிஃபே, நெதர்லாந்தின் விட்டெஸ்ஸெ, மீண்டும் பாரிஸ், சவூதி அரேபியாவின் அல் நஸ்ர், அல் ஹிலால், பழைய அகாதெமிகா என்று அடுத்த ஆண்டுகள் ஓடின. 2004இல் சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோவுக்கு ரஷ்ய சூப்பர் கோப்பையை வென்று கொடுத்தார்.

பின்னர் கேமரூன். 2005 அக்டோபரில் யாவுண்டேயில் எகிப்தை வென்றால் உலகக் கோப்பையில் இடம். 1–1 என்று இருந்த ஆட்டத்தின் இறுதிக் கணங்களில் பெனால்டி கிடைத்தது. வோமே உதைத்த பந்து கம்பத்தில் பட்டுப் போனது. அந்த இடம் ஐவரி கோஸ்ட்டுக்குச் சென்றது. நான்கு மாதம் கழித்து ஆப்பிரிக்கக் கோப்பைக் காலிறுதியிலும் அதே ஐவரி கோஸ்ட் பெனால்டிகளில் 12–11 என்று கேமரூனை வென்றது. பிரான்ஸின் க்ரெத்தேல், 2014-15இல் அல்ஜீரியாவின் எம்.சி. அல்ஜேர் ஆகியவை அவர் கடைசியாகப் பொறுப்பேற்ற அணிகளில் அடங்கும்.

ஆர்தூர் ஜோர்ஜ் 2024 பிப்ரவரி 22 அன்று, 78 வயதில் காலமானார். வியன்னாவுக்குப் பதினேழு ஆண்டுகள் கழித்து, 2004இல், அதே போர்ட்டோவோடு ஜோசே மொரீனியோ ஐரோப்பியக் கோப்பையை வென்றார். அந்தக் கோப்பையைத் தொட்ட போர்ச்சுகீசியப் பயிற்சியாளர்கள் இந்த இருவர்தான். இன்று போர்ச்சுகீசியப் பயிற்சியாளர்கள் இல்லாத பெரிய லீக் அரிது. முறையாகப் படித்துப் பயிற்சியாளர் ஆகலாம், அந்தப் படிப்பை வைத்து வெளிநாட்டிலும் பட்டம் வெல்லலாம் என்று அவர்களுக்கு முன்பே நடந்து காட்டியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் ஆர்தூர் ஜோர்ஜ்.

(தொடரும்)