மணல் வளவில் புதிய தோட்டம்

கோமாரியிலே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்குச் செல்லும் வீதியை அண்டிய இக்கிராமத்தின் கரைப்பக்க வளவுகள் மணற்பாங்கானவை. நெற்செய்கையிற் பழகிய கமக்காரரும் இவ்வளவிலே காய்கறி பயிரிட முற்படும்போது புதியவரே ஆகின்றார். வயலில் நீரைத் தேக்கி வைக்கலாம். மணலில் ஊற்றிய நீர் நிற்பதில்லை. இட்ட பசளையும் அந்நீருடன் கீழே இறங்கிவிடுகின்றது.

புதிதாகத் தோட்டம் தொடங்குபவருக்குக் கிட்டும் முதல் மகிழ்ச்சி கீரையினாலாகும். விதைத்த சில நாட்களிலே முளை தெரியும்; 3 அல்லது 4 வாரத்தில் ஒரு கறிக்குப் போதிய அளவு பிடுங்கலாம். வெண்டி ஏழு வாரமளவில் பிஞ்சு தரும். பயிற்றை அதனை அடுத்துக் காய்க்கும். கத்தரியும் மிளகாயும் நட்டபின் இரண்டு மாதத்துக்கு மேலும் பொறுமை வேண்டுவன. காலையில் தேநீருக்கு முன் ஒருமுறை, மாலையில் ஒருமுறை எனத் தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பது பழக்கமாகிவிடுகின்றது. கடையில் வாங்கிய காய்க்கு இல்லாத சுவை தம் வளவுக் காய்க்கு உண்டென வீட்டார் கூறுவர். அதில் உண்மையும் உண்டு; பறித்த அன்றே சட்டிக்குப் போகும் காய் அல்லவா?

இம்மகிழ்ச்சியினால் வெறுமையாயுள்ள இடமெல்லாம் கண்ணை உறுத்தத் தொடங்கும். அயல்வீட்டிற் கிடைத்த கத்தரிக் கன்று, சந்தையில் வாங்கிய பூசணியின் விதை, உறவினர் கொடுத்த பசளிக் கொடி யாவும் நடப்படும். இவ்வார்வம் குறைகூறத்தக்கதன்று. ஆயினும் மணல் வளவில் எவ்வளவு நடலாம் என்பதைத் தீர்மானிப்பது கிணறேயாகும்.

கரையோர மணலின் கீழே மழைநீர் ஊறித் தங்கி, பாரங்கூடிய கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் ஆய்வாளர் கண்ட கணக்கு. இக்கணக்கு மறுபுறமும் செல்லும். அளவுக்கு மிஞ்சி இறைத்து நீர்மட்டம் தாழ்ந்து நிலைத்தால், அடியிலுள்ள உவர்நீர் தாழ்ந்த அளவிலும் பன்மடங்கு மேலெழும். 2004 டிசம்பர் 26 ஆந் திகதி கடல்கோள் அம்பாறைக் கரையோரக் கிணறுகளில் உப்புநீரை நிரப்பிச் சென்றது. அப்போது கிணறுகளை இடைவிடாது இறைப்பது உவரை மேலும் ஏற்றக்கூடுமென நிபுணர் எச்சரித்தனர். பின்வந்த மாரி மழைகளே நீரை மெல்லமெல்லத் தெளிவித்தன. வீட்டாரின் குடிநீரும் தோட்டத்தின் நீரும் ஒரே கிணற்றிலிருந்து வருமிடத்து இதனை மறத்தலாகாது. இலை ஓரம் கருகுதலும், பாத்தியின் மேல் வெண்படலம் படிதலும் உவர் ஏறுவதன் அறிகுறிகளாம்.

ஆகவே தொடக்கத்திலேயே ஒரு கணக்குப் போட்டுக்கொள்வது நன்று. வெயில் நாளில் 100 சதுர அடிப் பாத்திக்கு ஏறத்தாழ 50 லீற்றர், அதாவது 10 லீற்றர் வாளியால் 5 வாளி நீர் வேண்டும். 500 சதுர அடி நட்டால் 25 வாளி. துலாவினால் அள்ளுபவருக்குக் கைவலியே எச்சரிக்கையாகும். மின்பம்பி பூட்டியவருக்கு அந்த எச்சரிக்கை கிடையாது. நீரை ஒரே வேளையில் ஊற்றாது காலையும் மாலையும் பாதிபாதியாக ஊற்றினால் வீணாவது குறையும்.

காலத்தையும் அறிந்து தொடங்க வேண்டும். 2022 ஆம் ஆண்டு நாட்டில் உணவுத் தட்டுப்பாடு அஞ்சப்பட்டபோது, அரசாங்க ஊழியர் வீட்டில் பயிர் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க யூன் மாதத்தில் அமைச்சரவை அனுமதியளித்தது. நோக்கம் நன்றே. ஆனால் கொழும்பிலே யூன் மழைமாதம். கோமாரியிலோ கச்சான் வீசி மணல் சுடும் மாதம். அக்காலத்தில் முதன்முறை விதைப்பவர், வாடிய பயிரைக் கண்டு தமக்குக் கைராசி இல்லையெனத் தோட்டத்தையே கைவிடக்கூடும். பிழை கையிலன்று, காலத்திலாகும். இக்கரையிலே மாரி தொடங்கும் ஒக்ரோபர் மாதமே புதியவருக்கு உகந்தது.

மணலைத் திருத்துவதற்குப் பொருள் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. கத்தரி, பாகல், புடோல் ஆகியவற்றுக்கு ஒன்றரை அடி அகலமும் ஆழமும் உள்ள குழி வெட்டி, அடியில் உரிமட்டைகளை உட்புறம் மேல்நோக்க அடுக்கி, அதன்மேல் மேல்மண்ணும் மக்கிய மாட்டெருவும் கலந்து நிரப்புதல் வேண்டும். ஊறிய மட்டை நீரைப் பிடித்துவைத்து வேருக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கும். வயலிலிருந்து வைக்கோல் கொண்டுவந்து பாத்தியை மூடினால் மணல் சுடுவதும் ஈரம் பறப்பதும் குறையும். வேலியில் நிற்கும் சீமைக்கிளுவையின் தழை நல்ல பசுந்தாட் பசளையாகும். மீன் கழுவிய நீர் கொடிகளுக்கு ஏற்றது. கருவாடு கழுவிய நீரை மட்டும் ஊற்றலாகாது, அது உப்பாகும். மாரியில் பாத்தியை உயர்த்தியும், மழை ஓய்ந்தபின் தாழ்த்தியும் அமைத்தல் வேண்டும்.

கன்று சிறிதாயிருக்கையில் இடைவெளி பெரிதாகத் தோன்றும். கத்தரிக்கு 3 அடிக்கு 2 அடியும், மிளகாய்க்கு 2 அடிக்கு ஒன்றரை அடியும் விடாவிட்டால் காற்றோட்டம் குறைந்து நோய் பெருகும். வெறுமை பொறுக்காதவர் அவ்விடையில் கீரை விதைத்து, கத்தரி படரும் முன் பிடுங்கிக்கொள்ளலாம். கத்தரித் தளிர் வாடித் தொங்கினால் உள்ளே புழு உண்டு. தளிரை வெட்டி எரித்துவிடவும். பயிற்றையில் அசுகுணி கண்டால் பனிப்பதமான காலையில் அடுப்புச் சாம்பலைத் தூவலாம். வாழையோ குளிக்கும் நீர் ஓடுமிடத்தில் நன்கு வளரும். எனினும் யானை வரும் எல்லைப்புறத்தில் அதனை வீட்டுச் சுவரோடு நடுதல் ஆபத்தாகும்.

கச்சான் தொடங்கும்போது தோட்டத்தைச் சுருக்கிக்கொள்ளத் தயங்க வேண்டாம். கிணற்றடியில் ஒரு தாழ்பாத்தியை மாத்திரம் வைத்து, மேலே கிடுகு நிழல் கட்டிக் கீரையும் பொன்னாங்காணியும் வளர்த்தால் கறிக்குக் குறைவிராது. முருங்கையும் கறிவேப்பிலையும் தம்பாட்டில் நிற்கும். செப்ரெம்பர் நடுப்பகுதியில் அதே நிழலின் கீழ் மிளகாய், கத்தரி விதைகளை நாற்றுமேடையில் இட்டால், மழை விழும்போது நடுவதற்கு 4, 5 வாரக் கன்றுகள் ஆயத்தமாயிருக்கும்.