பிளஞ்சர் ஏன் முதலில் மெல்ல நகர்கிறது?

பைக் எஞ்சினின் அலுமினிய மூடியைக் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள். ஆங்காங்கே சின்ன வட்டத் தடங்கள் தெரியும். அச்சிலிருந்து வார்ப்பை வெளியே தள்ளிய எஜெக்டர் பின்கள் பதித்த தடங்கள் அவை. டை காஸ்டிங்கில் வார்த்த பொருள் என்பதற்கு அதுவே அடையாளம்.

மணல் அச்சை ஒவ்வொரு வார்ப்புக்கும் உடைத்தாக வேண்டும். டை காஸ்டிங்கின் அச்சோ கடினமான எஃகு. அலுமினியத்துக்கே ஒரு லட்சம் ஷாட் (ஒருமுறை வார்ப்பது ஒரு ஷாட்) வரை தாங்கக்கூடியது. அதைச் சுமார் 200 டிகிரிக்குச் சூடாக்கி, வார்ப்பு ஒட்டாமலிருக்க மருந்து தெளித்து, இரு பாதிகளையும் நூற்றுக்கணக்கான டன் விசையில் இறுக்கி மூடுகிறார்கள். பக்கத்திலுள்ள ஸ்லீவ் என்ற குழாயில் 650 டிகிரிக்கு மேல் சூடான, உருகிய அலுமினியக் கலவை ஒரு ஷாட்டுக்கு வேண்டிய அளவு மட்டும் விழுகிறது. துத்தநாகத்துக்கு இந்தச் சிரமம் இல்லை. தள்ளும் பகுதியை உலோகக் குளத்துக்குள்ளேயே மூழ்க வைத்துவிடலாம். உருகிய அலுமினியம் இரும்பையே கரைத்துத் தின்னும் என்பதால்தான் அதை ஒவ்வொரு ஷாட்டுக்கும் தனியே ஸ்லீவில் ஊற்றும் ஏற்பாடு.

தொழிலின் சூட்சுமம் அடுத்த ஓரிரு நொடிகளில் இருக்கிறது. ஸ்லீவில் உள்ள உலோகத்தைத் தள்ளும் தண்டான பிளஞ்சர் முதலில் நிதானமாக நகரும். அவசரப்பட்டால் உலோகம் அலையாகச் சுருண்டு ஸ்லீவில் உள்ள காற்றை விழுங்கிவிடும். உலோகம் ‘கேட்’ என்ற குறுகிய வாயை எட்டியதும் வேகம் பாய்கிறது: அந்த வாயில் நொடிக்கு 30 முதல் 60 மீட்டர். 2, 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள சுவர்கள் உறைவதற்குள், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில், அச்சு நிரம்பியாக வேண்டும். நிரம்பியதும் அழுத்தம் பல நூறு பார் அளவுக்கு ஏறும். உறையும்போது சுருங்கும் இடத்தை அது ஈடுகட்டுகிறது.

இவ்வளவு செய்தும் கொஞ்சம் காற்று சிக்கத்தான் செய்கிறது. அது கண்ணில் படாத துளைகளாக உள்ளே தங்கும்; முக்கியமான பாகங்களை எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பது அதனால்தான். வலுவூட்டுவதற்காக வார்ப்பை மீண்டும் சூடேற்றினால் சிக்கிய வாயு விரிந்து, மேற்பரப்பு கொப்புளித்துவிடும். அச்சிலிருந்து முன்கூட்டியே காற்றை உறிஞ்சும் வெற்றிட முறை இதற்கு நல்ல மருந்து.

டெஸ்லா 2020இல் மாடல் ஒய் காரின் பின்பக்க அடிச்சட்டத்தை இத்தாலியின் இட்ரா நிறுவனம் செய்த ராட்சத இயந்திரங்களில் வார்க்கத் தொடங்கியது. சுமார் 70 பாகங்களை இணைத்துச் செய்ததை ஓரிரு வார்ப்புகளாகச் சுருக்குவதே நோக்கம். அவ்வளவு பெரிய, மெல்லிய வார்ப்பைச் சூடேற்றினால் வளைந்தும் போகும். ஆகவே வார்த்த நிலையிலேயே போதிய வலு தரும் தனிக் கலவையை அவர்கள் உருவாக்க வேண்டியிருந்தது.